போடியார் மகனின் கோட்டுக் காசு

தையற்கடையில் அளவு கொடுக்கும்போது நெஞ்சை நிமிர்த்தி நிற்கிற மனிதர், காசு கொடுக்கவேண்டிய நாளில் அந்தக் கடை இருக்கிற தெருவிலேயே நடக்கமாட்டார். என்னை முதன்முதலில் அப்படி வாசலைப் பார்த்துக் காத்திருக்க வைத்தவர், மண்டூரில் பெரிய வயற்காரரான சின்னத்தம்பிப் போடியாரின் மூத்த மகன் தவராசா. பெயரைச் சொல்லிவிட்டேன். இனி ஆறுதலாக எழுதலாம்.

குருக்கள்மடத்தில் கல்முனை றோட்டோரம் என் கடை. அறுபதுகளில் எங்கள் பகுதிப் பிள்ளைகள் கண்டிப் பக்கம் பல்கலைக்கழகத்துக்குப் போகத் தொடங்கினார்கள். போகிறவர் எல்லாருக்கும் காலுக்கு நீளக் கழுசான் வேண்டும், மேலுக்குச் சேட்டு வேண்டும். கையில் காசு மட்டும் இராது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அவர்கள் அங்கே என்ன படித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. வரவு செலவை எப்படிச் சமாளித்தார்கள் என்பது நன்றாகத் தெரியும். கடன் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் அன்பர்களே, இது உங்களுக்காகத்தான். வாங்கினவர்கள் எப்படியும் இதை வாசிக்கப்போவதில்லை.

செலவில் சேராத கோட்டு

கண்டியில் குளிர், கம்பளிக் கோட்டு இல்லாமல் முடியாது என்று வந்து நின்றார் தவராசா. அவ்வளவு துணி வாங்க என்னிடம் முதல் இல்லை. காத்தான்குடியில் துணிக்கடை வைத்திருந்த இபுறாகிம் காக்காவிடம் என் பெயரில் கடனாக எடுத்தேன். துணிக்கு நாற்பது, தையலுக்கு இருபது, ஆக அறுபது ரூபாய். தையல் மேசையில் சாய்ந்துகொண்டு தவராசா தன் மாதச் செலவுத் திட்டத்தை எனக்கு விளக்கினார். சாப்பாட்டுக்கு இவ்வளவு, புத்தகத்துக்கு இவ்வளவு, சவர்க்காரத்துக்கு, முடிவெட்டுக்கு, ஞாயிற்றுக்கிழமைப் படத்துக்குக்கூட ஒரு ரூபாய் ஒதுக்கியிருந்தார். படித்த பிள்ளை எவ்வளவு ஒழுங்காகத் திட்டம் போடுகிறது என்று எனக்கும் சந்தோசமாகத்தான் இருந்தது.

கோட்டைப் போட்டுப் பார்த்தார். அச்சாவாக இருந்தது. சித்திரை வெயிலில் அதைக் கழற்றாமலே பஸ்ஸுக்குப் புறப்பட்டார். முதுகில் வேர்வை ஊறி வருவதை நான் கண்ணால் பார்த்தேன். பஸ் வருவதற்குள் கேட்டேன்: "தம்பி, உங்கட திட்டத்தில என்ட காசு எந்த இடத்தில வருது?" அவர் என் தோளில் தட்டிச் சொன்னார்: "அது செலவில சேராதண்ணே, அது அப்பாட வெள்ளாமையில சேரும்."

மூன்றாம் பக்கம்

எல்லாரும் தவராசா மாதிரி என்று சொன்னால் அது அநியாயம். அருளப்பு என்று ஒரு பிள்ளை, மிசன் பள்ளிக்கூட வாத்தியாரின் மகன். பொருளியல் படித்தார். ஒருவருக்கும் ஒரு சதம் கடன் வைக்கக் கூடாது என்று வைராக்கியம். அவருக்குச் சேட்டு இரண்டுதான். கழுத்துப் பக்கம் கொலர் நைந்து நூல் தெரிந்தால், அதைப் பிரித்தெடுத்து, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பித் தைத்துவிடலாம். சேட்டு இன்னொரு வருடம் உழைக்கும். ஐம்பது சதம்தான் கூலி. அருளப்பு அதை எண்ணி, அளவு நாடாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் பேச்சே தொடங்குவார். தவராசா தன் புதுச் சேட்டுகளைக் கல்முனையில் தைக்கிறார் என்று அப்போது கேள்விப்பட்டேன். யாரிடம் என்று எனக்குத் தெரியும். அந்த மனிதருக்காகவும் இரக்கப்பட்டேன்.

அடுத்த வருட விடுமுறைக்கு அதே சேட்டோடு அருளப்பு வந்தார். திருப்பின பக்கமும் நைந்து போயிற்று. "இனி ஒண்டும் செய்யேலாது தம்பி, ரெண்டு பக்கமும் முடிஞ்சுது" என்றேன். அவர் சேட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, முன்னும் பின்னும் பார்த்து, பரீட்சைக் கேள்வியை யோசிக்கிற முகத்தோடு கேட்டார்: "இன்னொருக்கா வடிவாப் பாருங்கண்ணே, மூண்டாம் பக்கம் எண்டு ஒண்டும் இல்லியா?"

ஒரு கழுசான், இரண்டு மச்சான்மார்

நடேசன் நெட்டை, குணம் குட்டை. மச்சான்மார். இரண்டு பேரும் ஒரே வருடம் பல்கலைக்கழகம் போனவர்கள். நல்ல வெள்ளைக் கழுசான் ஒன்றைப் பொதுவில் தைத்து, விசேசத்துக்குப் போகிறவர் போட்டுக்கொள்வது என்று ஒப்பந்தம். தனக்குத் துணி குறைவு, ஆகவே பாதிக் காசு தரமுடியாது என்று குணம் அரை நாள் வாதாடினார். நான் நான்கு விரல் துணியை உள்ளே மடித்துத் தைத்தேன். குணத்துக்கு மடித்தபடி, நடேசனுக்கு மடிப்பைப் பிரித்து இறக்கிவிட வேண்டும்.

விடுமுறையில் என் கடைக்கு எதிர்வீட்டிலேயே ஒரு கலியாணம் வந்தது. இரண்டு பேருக்கும் அழைப்பு. முதல் பந்திக்குக் குணம், இரண்டாம் பந்திக்கு நடேசன் என்று முடிவானது. நடேசன் சாரத்தோடு என் கடைக்குள் இருந்தார். நான் நூலைக் கோர்த்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். குணம் போனார், இருந்தார், கதைத்தார், மறுகாலும் இருந்தார். பாயாசம் முடிந்துவிட்டதாகச் செய்தி வந்த பிறகுதான் ஆடி அசைந்து திரும்பி வந்தார். அவர் கழற்றிக் கொடுத்த கழுசானை நடேசன் இரண்டு கையாலும் விரித்துப் பார்த்தார். பிறகு சொன்னார்: "மச்சான், நீ முழங்காலடியில பாயாசம் ஊத்தியிருக்கிறாய். எனக்கு மிச்சம் வந்தது இதுதான்."

தைத்து மூடிய பணம்

அதே குணம் இன்னொரு முறை வந்தார். விடுமுறைக்கு வீடு வர வைத்திருக்கிற றெயில் காசு ஒவ்வொரு முறையும் இடையில் கரைந்துவிடுகிறதாம். தன் கறுப்புக் கழுசானின் இடுப்புப் பட்டியைப் பிரித்து, நோட்டை உள்ளே வைத்து, திறக்கவே முடியாதபடி தைத்து மூடச் சொன்னார். இரட்டை நூல் போட்டு, சணல் சாக்குத் தைக்கிற மாதிரித் தைத்துக் கொடுத்தேன்.

அடுத்த விடுமுறைக்கு அந்தக் கழுசானோடு வந்தார். இடுப்புப் பட்டியில் கறுப்புத் துணிக்குமேல் வெள்ளை நூலில் கோணல் தையல். அதற்குமேல் சிவப்பு நூலில் இன்னொரு தையல். நோட்டை எடுப்பதும், கொஞ்சம் திருப்பி வைப்பதும், மறுபடி எடுப்பதுமாகத் தவணை முழுவதும் அவரே தையல்காரராக இருந்திருக்கிறார். கடைசியில் அருளப்புவிடம் கடன் வாங்கித்தான் றெயில் ஏறினாராம். என் தையலுக்கு என்ன வந்தது என்று கோபமாகவே கேட்டேன். "உங்கட தையலில ஒரு பிழையும் இல்லண்ணே," என்றார் குணம், "நம்மட றூமில ஒரு கத்தரிக்கோல் கிடந்திட்டுது."

களவெட்டியில்

இவர்கள் இப்படியிருக்க, கோட்டுக்கு வருவோம். இரண்டு வெள்ளாமை வெட்டியாயிற்று. இபுறாகிம் காக்கா நல்ல மனிதர், ஆனால் அவரும் யாவாரிதானே. பழைய நாற்பது ரூபாய் வராமல் இனி ஒரு முழத் துணியும் தரமுடியாது என்றார். சித்திரை வருசப்பிறப்புக்கு இரண்டு மாதம்கூட இல்லை. அந்த மாதத்துத் தையல்தான் எங்கள் வீட்டில் ஒரு வருடச் சோறு. மண்டூருக்குப் போய்ப் போடியாரை அவர் வீட்டில் கண்டேன். "பொடியனுக்கு உதவிப் பணம் வருகுதாமே, அவனிட்டக் கேளுங்க. என்னிட்ட இல்ல" என்று முகத்துக்கு நேரே சொன்னார்.

அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. மாடு விட்டுச் சூடு மிதிக்கிற நெற்களமான களவெட்டியில் 'இல்லை' என்று யாரும் சொல்லக்கூடாது. 'போதும்', 'முடிந்தது' என்பதும் ஆகாது. சொன்னால் நெல் குறைந்துபோகும். ஆகவே அவர் இல்லை என்று சொல்லமுடியாத இடத்தில் வைத்துக் கேட்பது என்று தீர்மானித்தேன். குருமண்வெளியில் தோணி ஏறி மண்டூர்த் துறையில் இறங்கி, வெல்லாவெளிப் பக்கம் போன ஒரு மாட்டுவண்டியில் தொற்றிக்கொண்டு அவருடைய வயல் வட்டைக்குப் போனேன். செருப்பைக் கழற்றிவிட்டுக் களவெட்டிக்குள் கால் வைத்தேன். மாடுகள் சுற்றுகின்றன, நெல் பெருகவேண்டி ஆட்கள் "பொலி, பொலி" என்று குரல் கொடுக்கிறார்கள். போடியார் "வாங்க சாமித்தம்பி" என்று வாய் நிறையச் சிரித்தார். நான் வாயைத் திறந்தேன். திறந்த பிறகுதான் மூளை வேலை செய்தது: 'கடன்' என்ற சொல்லும் அங்கே ஆகாது. 'பாக்கி' ஆகாது, 'தரவேண்டியது' ஆகாது.

"போடியார், அந்தக் கோட்டு..." என்று இழுத்தேன்.

"கோட்டு நல்லா உழைக்குதாம். தம்பி எழுதியிருந்தான்."

"அது... அது பொலிய வேணும் போடியார்."

"பொலியட்டும்!" என்றார் அவர். சுற்றி நின்ற ஆட்களும் "பொலியட்டும்" என்றார்கள். களவெட்டிக்கு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பும் வழக்கம் இல்லை. இரண்டு மரைக்கால் நெல்லை அளந்து என் சாக்கில் கொட்டச் சொன்னார். இது வந்தவனுக்குக் கொடுக்கிற நெல்லா, கோட்டுக்குக் கொடுக்கிற நெல்லா என்று கேட்க அந்த இடத்தில் எனக்குச் சொல் இல்லை. சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். வருசப்பிறப்புக்கு முன் என் சைக்கிளை விற்றுக் காக்காவின் நாற்பதைக் கொடுத்தேன். காசை வாங்கிக்கொண்டு அவர் சொன்னார்: "அப்ப அந்தக் கோட்டுக்கு ரெண்டு சைக்கிள் சில்லும் ஒரு மணியும் இரிக்கி எண்டு சொல்லுங்க."

சிக்கனப் பேச்சு

அதற்குப் பிறகு நடைதான். சைக்கிளில் போகிற ஒவ்வொருவரையும் பார்க்கும்போது தவராசாவை நினைத்துக்கொள்வேன். எழுபதுகளின் தொடக்கத்தில் அவர் ஒரு கந்தோரில் பெரிய உத்தியோகத்தராகிவிட்டார். அந்த வருடம் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான பிள்ளைகளுக்கு எங்கள் வாசிகசாலையில் பாராட்டுக் கூட்டம். 'மாணவரும் சிக்கன வாழ்வும்' என்று பேச அவரை அழைத்திருந்தார்கள். முதல் நாள் என் கடைக்கு வந்தார், கையில் அதே கோட்டு. உடம்பு பெருத்துவிட்டது, இரண்டு பக்கமும் கொஞ்சம் விட்டுத் தரவேண்டுமாம்.

கோட்டு என் கையில் இருந்த தைரியத்தில் கேட்டேவிட்டேன்: "தம்பி, இந்தக் கோட்டுக் காசு இன்னும் வரயில்ல."

"என்னண்ணே இது! அப்பா களவெட்டியில நெல்லாத் தந்தாரே?"

"அது களவெட்டிக்கு வந்தவனுக்குக் குடுக்கிற நெல்லு தம்பி."

"நெல்லு நெல்லுதானே அண்ணே" என்று சிரித்துவிட்டு, கோட்டை விட்டுத் தைக்க மூன்று ரூபாயைக் கையோடு கொடுத்தார். ஒருவருக்கும் கடன் வைக்கிற பழக்கம் தனக்கு இல்லையாம். கோட்டுக் கையைத் தோளோடு வெறும் நூலோட்டத்தில் விட்டால் பேச்சின் நடுவில் கழன்று விழும் என்று ஒரு கணம் யோசித்தேன். தொழில் விடவில்லை. பலமாகவே தைத்தேன். அதற்கு இன்றைக்கும் வருந்துகிறேன்.

கூட்டத்தில் நான் முன்வரிசையில் இருந்தேன். வரவுக்கு மேல் செலவு செய்யாதே, கடன் என்கிற பேச்சே எடுக்காதே என்றெல்லாம் அவர் அழகாகப் பேசினார். பிறகு இரண்டு கையையும் விரித்துக் கோட்டைக் காட்டினார். "பத்து வருசத்துக்கு மேல ஒரே கோட்டு! இதுதான் சிக்கனம்!" சபை கைதட்டியது. என்னால் பொறுக்க முடியவில்லை. எழும்பி, "ஐயா, அதுக்கு நீங்க என்ன குடுத்தீங்க எண்டு பிள்ளைகளுக்குச் சொல்லுங்க" என்றேன்.

தவராசாவின் முகம் மலர்ந்துவிட்டது. "இந்தா, இதத் தைச்ச மனிசனே இஞ்ச இருக்கிறார்!" என்று மேடையிலிருந்து இறங்கிவந்து, தன் கழுத்து மாலையைக் கழற்றி எனக்குப் போட்டார். மறுபடி கைதட்டல். நான் கேட்ட கேள்வி அந்தச் சத்தத்தில் எங்கோ போயிற்று. மாலையோடு நின்ற என்னைப் பிள்ளைகள் பக்கம் திருப்பி, உரத்த குரலில் சொன்னார்: "தம்பிமாரே, கண்டிக்குப் போக முதல் இவரிட்டத் தையுங்க, மனிசன் காசுக்கு நெருக்கவே மாட்டார்!"

மறுநாள் காலையில் கடை திறக்கும்போது வாசலில் நான்கு பிள்ளைகள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார்கள். அளவெடுத்தேன், வேறு என்ன செய்ய, ஆனால் அந்த இரண்டு மரைக்கால் நெல்லை நான் கோட்டுக் கடனில் கழிக்கவில்லை, அறுபது ரூபாயும் அப்படியே நிற்கிறது, நானும் அப்படியே நடக்கிறேன்.