நடு ஏரியில் ஒரு பொய்

சந்தியாகுவுக்கு ஓய்ச்சல் என்பதே கிடையாது. விடியுமுன் வலை. பிறகு தீவுக்கும் பழவேற்காட்டுக்கும் ஆள் ஏற்றும் படகு. வீட்டுக்குப் போனால் பக்கவாதத்தில் கிடக்கும் மாமனார், பிள்ளைகள். ஞாயிறு பூசையில் மண்டியிட்டால் தூக்கம்தான் வரும். ஆனால் நடு ஏரியில் இஞ்சினை நிறுத்திவிட்டால் போதும். சத்தம் அடங்கி, தண்ணீர் படகின் விலாவைத் தொட்டுத் தொட்டுப் போகும். யாரோ வந்து பக்கத்தில் உட்கார்ந்தது போலிருக்கும். ஜெபம் எதுவும் சொல்ல மாட்டான். சும்மா இருப்பான்.

ஆட்களை வைத்துக்கொண்டு சும்மா இருக்க ஒரு பொய் வேண்டியிருந்தது. "இஞ்சின் சூடாயிட்ச்சி, கொஞ்சம் ஆறட்டும்" என்பான். ஒருவரும் சந்தேகப்பட்டதில்லை.

ஒருநாள் உச்சிவெயிலில் பவுனம்மாள் ஏறினாள். தீவில் கருவாடு போடுகிறவள். வாய் ஓயாமல் பேசுகிறவள். அன்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு முனையில் உட்கார்ந்தாள். வெயில் தாங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். நடு ஏரியில் வழக்கம்போல நிறுத்தினான்.

"ரொம்ப நேரமாவுமா நைனா?"

"தோ, ஆயிடும்க்கா."

அன்றைக்கென்று மனம் அப்படி அடங்கி வந்தது. எழ மனசில்லாமல் கூடுதலாகவே இருந்துவிட்டான். கரை சேர்ந்தபோது திருப்பாலைவனம் பஸ் கிளம்பிப் போயிருந்தது. பவுனம்மாள் அதன் பின்னாலேயே கொஞ்ச தூரம் ஓடினாள்.

திருப்பாலைவனத்தில் அவளுடைய அண்ணன் இறந்துபோன சேதி மறுநாள்தான் அவன் காதுக்கு வந்தது. அடுத்த பஸ் பிடித்து அவள் போய்ச் சேர்வதற்குள் பாடையைத் தூக்கிவிட்டார்களாம். பொம்பளைகள் சுடுகாட்டுக்குப் போகிற வழக்கமில்லை. அண்ணன் முகத்தை அவள் கடைசியாகப் பார்க்கவே இல்லை.

காரியம் முடிந்து அவள் துறைக்கு வந்தபோது, செத்துப்போனவரின் மகன் பிரதாப் கூட வந்தான். காட்டுப்பள்ளியில் மெக்கானிக். தோளில் ஸ்பேனர் பை.

"பாவம், உன் இஞ்சினும்தான் இன்னா பண்ணும்" என்றாள் பவுனம்மாள். "இவன் பாத்துக் குடுப்பான். துட்டெல்லாம் வேணாம்."

சந்தியாகு தடுப்பதற்குள் பிரதாப் படகில் இறங்கி இஞ்சினைப் பிரித்துவிட்டான். நெடுநேரம் பார்த்துவிட்டுத் திரும்பப் பூட்டினான். "ஒரு கோளாறும் இல்லியேண்ணா. இது சூடாவ சான்சே இல்ல."

இன்னொரு பொய் நாக்கு நுனி வரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அது வெளியே வரவில்லை.

"சூடாவலக்கா. நான்தான் நிறுத்துவேன். கொஞ்ச நேரம் நிம்மதியா இருக்கலாம்னு."

பிரதாப் ஸ்பேனரோடு எழுந்தான். அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் சந்தியாகுவைப் பார்த்துச் சொன்னாள்: "கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே, இன்னிக்கி வேணாம்னு."

அவ்வளவுதான். படகிலேறி, அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். ஏரி முழுக்க அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே ஓட்டினான்.

அன்றிரவு சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டான். மனைவி சோபியா துருவித் துருவிக் கேட்க, எல்லாவற்றையும் சொன்னான். அவள் திட்டினாள். திட்டி முடித்துவிட்டு, "ஊரை ஏமாத்துறதுக்குப் பதிலா எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல. எங்க அப்பாவுக்குக் காலைக் கஞ்சி இனிமே நான் குடுத்துக்கறேன். காலையில நீ போய் உக்காரு" என்றாள்.

இப்போதெல்லாம் வலையை உதறிக் காயப்போட்டதும், ஆட்கள் வருமுன், கட்டிப்போட்ட படகில் தனியாக உட்காருகிறான். யாராவது கேட்டால், "சும்மாதான்" என்று உள்ளதைச் சொல்கிறான். பவுனம்மாள் இன்றும் அவன் படகில்தான் போகிறாள். அதைப் பற்றி ஒரு சொல் பேசியதில்லை. கண்ணை மூடினால் முதலில் வருவது அவளுடைய முதுகுதான். சில நாள் அது விலகும். பல நாள் விலகாது. அதோடேயே உட்கார்ந்திருக்கிறான்.