போடாமல் விட்ட ஊசி

ஆய்வுக்கூடத்தில் எலிக் கூண்டு கழுவுகிறவரைத் தெருவில் எலிக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். மரத்தூள் மாற்றுவது, தண்ணீர்க் குப்பி ஒழுகாமல் பார்ப்பது, கட்டி பெருத்த எலியின் கூண்டில் சிவப்பு அட்டை செருகுவது, இவ்வளவும் அவர் பொறுப்பு. எலி தும்மினால் துடித்துப்போகிற மனுஷன், பெண்டாட்டி இருமினால் திரும்பிப் பார்ப்பதில்லை என்று மனைவி கேலி செய்வாள். அவள் மார்பில் கட்டி வந்த பிறகு அந்தக் கேலியும் நின்றுபோனது.

அதற்குப் பிறகு ஒரு கீமோவுக்கும் அடுத்த கீமோவுக்கும் நடுவில்தான் வாழ்க்கை ஓடியது. ஓடியது என்ன, காலை இழுத்து இழுத்து நடந்தது. ஒவ்வொரு கீமோவுக்கும் மறுநாள் அவள் வயிற்றில் ஓர் ஊசி போட வேண்டும். கீமோ அடித்துப்போட்ட வெள்ளையணுக்களை மறுபடி பெருக வைக்கிற ஊசி அது. ஆஸ்பத்திரியில் கற்றுக்கொண்டு அவரே போட்டுவிடுவார். போட்டதும் எலும்பெல்லாம் குடைகிறது என்று அவள் சுருண்டுகொள்வாள். வேலையிலிருந்து வந்து சோறு வடித்து, பாத்திரம் தேய்த்து, அவள் காலைப் பிடித்துவிடுவதற்குள் அவருக்கு உட்கார்ந்தபடியே தூக்கம் வந்துவிடும்.

அப்படி அரைத்தூக்கமாய் வண்டி தள்ளிக்கொண்டு போன ஒரு நாள், ஆராய்ச்சி செய்கிற டாக்டரம்மா பார்வையாளர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. வெள்ளையணுக்களில் சிலவற்றைப் புற்றுக்கட்டி தன் பக்கம் இழுத்துக்கொள்கிறதாம். அவை கட்டிக்கு ரத்தக்குழாய் வெட்டிக் கொடுத்து, எதிர்க்க வருகிற மற்ற அணுக்களையும் தடுத்துவிடுமாம். வேலியே பயிரை மேய்கிற கதை. அந்த அணுக்களைக் குறைத்த எலிகளுக்குக் கட்டி சிறுத்திருந்ததைக் கூண்டு மாற்றும்போது அவரே பார்த்திருக்கிறார். நான் அல்லவா ஊசி போட்டுப் போட்டுக் கட்டிக்கு ஆள் சேர்த்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். டாக்டரம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவும் தெம்பு வேண்டுமே.

அடுத்த கீமோ முடிந்ததும், இந்த முறை ஊசி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் என்றார் மனைவியிடம். அவள் அப்பாடா என்று திரும்பிப் படுத்தாள். ஊசிப் பெட்டியை ஃபிரிட்ஜில் காய்கறிக்குப் பின்னால் தள்ளி வைத்தார்.

அந்த வாரம் முடிவதற்குள் அவளுக்குக் காய்ச்சல் கொதித்தது. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். வெள்ளையணு இல்லை என்றே சொல்லலாம். தனி அறையில் போட்டார்கள். ஊசி போட்டீர்களா என்று கேட்டதற்குப் போட்டேன் என்று வாய் கூசாமல் சொன்னார். ஆனால் மறுநாள் வேலைக்குப் போனதும், கையும் ஓடாமல் காலும் ஓடாமல், எல்லாவற்றையும் டாக்டரம்மாவிடம் கொட்டிவிட்டார்.

"நாங்க குறைச்சது ஒரு வகை அணுவைத்தான்," என்றாள் டாக்டரம்மா. "அதையும் கிருமி அண்டாத அறையில வெச்சுத்தான் செஞ்சோம். உங்க வீட்டம்மாவுக்கு அப்படி ஒரு அறை ஏதுங்க? வெள்ளையணு இல்லாதவங்களுக்குச் சாதாரணக் கிருமியே எமன். முதல்ல போய் ஆஸ்பத்திரியில உண்மையைச் சொல்லுங்க."

முகக்கவசமும் கையுறையும் இல்லாமல் அந்த எலி அறைக்குள் ஒரு நாளும் நுழையாதவர் அவர். வேறு எவனாவது இப்படிச் செய்திருந்தால் அறிவிருக்கிறதா என்று கேட்டிருப்பார். நேரே ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சொன்னார், வாங்கிக் கட்டிக்கொண்டார்.

காய்ச்சல் இறங்கி அவள் கண் விழித்த அன்று, ஊசி வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, நான்தான் பொய் சொன்னேன் என்றார்.

"தெரியும்," என்றாள் அவள். "காய் எடுக்கப் போனப்பவே பெட்டியைப் பாத்துட்டேன்."

"பாத்துட்டு ஏன் கேக்கல?"

"நீங்க அலுத்துப் போயிட்டீங்க, போதும்னு விட்டுட்டீங்கன்னு நினைச்சேன். கோபமெல்லாம் வரல. எத்தனை நாளைக்குத்தான் நீங்களும் பாப்பீங்க."

இவளை எப்படியாவது பிழைக்க வைக்கத்தான் அவர் அதைச் செய்தார். இவளோ, போகட்டும் என்று கைவிட்ட புருஷன் வடித்த சோறு என்றே நினைத்து, ஒரு வார்த்தை பேசாமல் அதைச் சாப்பிட்டிருக்கிறாள். எலி, கட்டி, அணு என்று முன்னுக்குப் பின்னாக உளறி, எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

அவள் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள். "அப்ப, நான் இருக்கணும்னுதான் செஞ்சீங்களா?"

"ஆமா."

நோய் என்று தெரிந்த நாளிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், முகத்தைத் தலையணையில் புதைத்துக்கொண்டு அழுதாள்.