இது யாருடைய போத்தல்?

போத்தலை வெளிச்சத்தில் பிடித்ததுமே எனக்குச் சந்தேகம் வந்தது. கண்ணைப் பறிக்கும் மஞ்சள். சத்து மாத்திரை விழுங்குகிறவர்களுக்குத்தான் சிறுநீர் அப்படிப் போகும். டெஸ்டில் ஒரு குறையும் இல்லை.

தொண்ணூறுகளின் கடைசி. பதுளையில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் நான் டெக்னீஷியன். லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்ந்தவர் செல்லம்மா. மழை தொடங்கியதிலிருந்து பெற்ற மகனையே யாரென்று கேட்கிறார். விடியுமுன் பெரட்டுக்கு, வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்கு, ஓடுகிறார். முதியோர் இல்லத்தில் விட மகன் முருகேசு பேசி முடித்துவிட்டான்.

கிளினிக்கில் இருந்த யாழ்ப்பாணத்து டொக்டர் அம்மா விடவில்லை. "திடீரெண்டு வந்த குழப்பம். அல்சைமர் எண்டு முடிவு கட்ட முந்தி யூரினைப் பாருங்கோ, தம்பி," என்றார்.

செல்லம்மாவைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போய்ப் போத்தலோடு வந்தவள் மருமகள் ராணி, நிறைமாதக் கர்ப்பிணி.

"மாமிக்குச் சத்து மாத்திரை குடுக்கிறீங்களா?"

"இல்லீங்கையா, எனக்குத்தான் டிஸ்பென்சரியில குடுத்தாங்க." சொன்னதும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அட கடவுளே! இது ஒன்னோடதா?"

"மாமிகிட்ட எப்புடீங்க அதக் கேக்கிறது? அடிக்க வாறாங்க. வெறும் போத்தலோட வந்தா நீங்க ஏசுவீங்கன்னு..."

ஏசினேன்தான். பிறகு வாங்கில் உட்கார்ந்திருந்த செல்லம்மாவிடம் புதுப் போத்தலோடு போய், தோட்டத்தில் வேலை வாங்கும் கங்காணி போலக் குரலை உயர்த்தினேன். "செல்லம்மா! இதுல மூத்திரம் குடுத்தாத்தான் இன்னைக்குப் பேரு விழும்!"

பேர் விழாவிட்டால் அன்றைய சம்பளம் போய்விடுமே! "இந்தாங்க கங்காணி, போறேன்," என்று போத்தலைப் பிடுங்கிக்கொண்டு நர்ஸோடு போனார்.

மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தேன். ஃபீல்டு நிறைய பஸ் செல்ஸ், சீழ் அணுக்கள்! சிறுநீரில் கிருமித் தொற்று. வயதானவர்களுக்கு அது புத்தியையே கலக்கிவிடும். கிளினிக்குக்கு ஓடினேன்.

"மேடம், கெடச்சிருச்சு!"

"அப்ப மருந்திருக்கு!" என்று டொக்டர் அம்மா மேசையில் தட்டினார்.

அன்டிபயோட்டிக் முடிந்து அடுத்த கிளினிக்குக்குச் செல்லம்மா தானே நடந்து வந்தார். ராணி என்னைக் காட்டி ஏதோ சொன்னாள். கிழவி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இவனா கங்காணி? மூஞ்சியப் பாரு! டேய் முருகேசு, இவனுக்குப் பயந்தாடா நான் போத்தல ரொப்புனேன்?"

கிளினிக்கே சிரித்தது. முருகேசு மட்டும் அழுதான். அம்மா அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டாரே! எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. அப்படி ஒரு ஏச்சை வாழ்நாளில் நான் ரசித்ததில்லை. முதியோர் இல்லப் பேச்சு அன்றோடு முடிந்தது.

இப்போது எச்சிலிலும் சிறுநீரிலும் அல்சைமரின் தடயத்தைத் தேடுகிறார்களாம். தேடுங்கள், பிள்ளைகளே, கண்டுபிடியுங்கள். ஆனால் எவ்வளவு பெரிய மெஷின் வந்தாலும், போத்தலை வாங்கும்போது ஒரு வார்த்தை கேளுங்கள்: "இது யாரோடது?"