தோல் காயும் மைதானத்தில் ஒரு விமானம்

அறுபதுகளின் தொடக்கம் அது. ஆம்பூருக்குப் பக்கத்தில், பாலாற்றை ஒட்டிய ஒரு தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், நான் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஈரத் தோலைப் பலகையில் விரித்து, நான்கு பக்கமும் இழுத்து ஆணி அடித்து, வெயிலில் காயவைப்பது என் வேலை. அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. இப்போது என் பிள்ளைகள் வானத்தில் விமானச் சத்தம் கேட்டு வாசலுக்கு ஓடும்போதெல்லாம் இந்தக் கதையைக் கேட்டு என்னைப் பிடுங்குவார்கள். அவர்களுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

எங்கள் ஷாப்பில் ஒருவர் இருந்தார். நான் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். விமானப் படையில் மெக்கானிக்காக இருந்துவிட்டு வந்து, எங்களிடம் ஃபிட்டராகச் சேர்ந்தவர். ஒருநாள் சுண்ணாம்புத் தொட்டிக்குப் பக்கத்தில் பம்பைக் கழற்றியபோது கரைசல் முகத்தில் அடித்து இரண்டு கண்ணும் போய்விட்டன. வேலூர் ஆஸ்பத்திரியில் பல மாதம் கிடந்தார். வெளிச்சமா இருட்டா என்பது மட்டும் மங்கலாகத் தெரியும். முதலாளி அவரைக் கைவிடவில்லை. பதனிட்ட தோலை விரலால் தடவிப் பார்த்து, மெல்லிசு, தடிப்பு என்று பிரித்து அடுக்கும் வேலையைக் கொடுத்தார்.

விமானப் படையில் இருந்த காலத்தில் அண்ணா ஒரு வித்தை கற்றிருந்தார். சின்ன எஞ்சின் வைத்த பொம்மை விமானத்தைப் பறக்கவிடுவது. ரேடியோ, கீடியோ எதுவும் கிடையாது. விமானத்தின் இடது இறக்கையிலிருந்து இரண்டு மெல்லிய எஃகுக் கம்பிகள் வரும். அவற்றின் மறுமுனை, நடுவில் நிற்பவர் கையிலுள்ள பிடியில் கட்டியிருக்கும். செக்கு மாடு போல விமானம் அவரைச் சுற்றிச் சுற்றிப் பறக்கும், அவரும் கூடவே சுழல வேண்டும். பிடியை மேலே சாய்த்தால் விமானம் ஏறும், கீழே சாய்த்தால் இறங்கும். தெரிந்தவர் கையில் அது குட்டிக்கரணம் கூடப் போடும்.

கண் போன பிறகு அந்த விமானம் அவர் வீட்டுச் சுவரில் தொங்கியது. எஞ்சினை மட்டும் எண்ணெய்த் துணியில் சுற்றி டப்பாவில் வைத்திருந்தார்.

அவருக்கு ஒரே மகள். கண் போனபோது கைக்குழந்தை. நான் சொல்லும் இந்தச் சமயத்தில் அவளுக்கு எட்டு ஒன்பது வயதிருக்கும். பள்ளிக்கூடத்தில் எங்க நைனா ஏரோப்ளேன் ஓட்டுவார் என்று பெருமை அடித்திருக்கிறாள். குருடர் எப்படிடி ஓட்டுவார், புளுகாதே என்று மற்ற பெண்கள் கேலி செய்துவிட்டார்கள். அன்று சாயங்காலம் அழுதுகொண்டே வந்தவள், சுவரில் தொங்குவதைக் காட்டிக் கேட்டாள்:

“நைனா, இத நீ நெஜமாலுமே ஓட்டுனியா?”

நானும் அங்கே இருந்தேன். ஊர்ப் பிள்ளைகள் சிரித்தது அவரைத் தொடவில்லை. மகள் கேட்ட அந்தக் கேள்விதான் தைத்துவிட்டது. “வர்ற வெள்ளிக்கிழமைக்கு அடுத்த வெள்ளிக்கிழம அவளுங்கள எல்லாம் மைதானத்துக்குக் கூட்டிக்கினு வா. உன் கண்ணால பாத்துக்கோ” என்றார்.

அவள் துள்ளிக்கொண்டு போனதும் நான், “இன்னாண்ணா இது, பேஜார்ல மாட்டிக்கினியே!” என்றேன்.

“நான் மட்டும் எங்க மாட்னேன்? நீயுந்தான். எறக்கு அத” என்றார்.

இறக்கினோம். ஒரு பக்க இறக்கையை எலி கடித்து வைத்திருந்தது. உள்ளே இருந்த குறுக்குச் சட்டங்களில் பாதி இல்லை. வெளிநாட்டு மரம் அது, காற்று மாதிரி லேசாக இருக்கும். இங்கே எங்கே கிடைக்கும்? அதற்குப் பதிலாக, ஏரியில் முளைக்கும் தக்கை போன்ற நெட்டியை அறுத்துக் காயவைத்துக் கொண்டுவரச் சொன்னார். அதை மூங்கில் சீவலோடு சேர்த்து வச்சிரத்தால் ஒட்டினோம். தோல் கழிவைக் காய்ச்சி எடுக்கிற பசைதான் வச்சிரம், எங்கள் பக்கத்தில் அதற்குப் பஞ்சமில்லை. மேலே போர்த்த, குடியாத்தம் தறியில் நெய்த மெல்லிய துணி. துணி போர்த்துகிற வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். இழுத்து விறைப்பாக்குவதுதானே என் பிழைப்பு!

துணியை நனைத்து, வச்சிரம் தடவி, என்னால் முடிந்த மட்டும் இழுத்து ஒட்டி, நல்ல வெயிலில் காயவைத்தேன். தட்டினால் தமுக்கு மாதிரி சத்தம் வந்தது. எனக்கே பெருமை தாங்கவில்லை.

முதல் வெள்ளிக்கிழமை நாங்கள் இருவர் மட்டும் ஒத்திகை பார்த்தோம். வெள்ளிக்கிழமை தொழுகை நாள் என்பதால் ஷாப்புக்கு லீவு, தோல் காயும் மைதானம் காலியாகக் கிடக்கும். நாட்டு மருந்துக்கடை விளக்கெண்ணெய், மண்ணெண்ணெய், தெரிந்த கம்பவுண்டரிடம் வாங்கிய ஈதர், மூன்றையும் கலந்து எஞ்சினுக்கு ஊற்றினோம். நான் மூக்கிலிருந்த விசிறியைச் சுண்டிச் சுண்டி விரலில் அடி வாங்கிய பிறகு எஞ்சின் பிடித்தது. அப்பா, என்ன சத்தம்! காக்காய் எல்லாம் ஒரே நேரத்தில் எழும்பியது. அண்ணா காதைச் சாய்த்துக் கேட்டபடி எஞ்சின் தலையிலிருந்த திருகைத் திருகினார். சத்தம் ஒரே சீராக வந்ததும், தரையில் கிடந்த கம்பியை விரலிடுக்கில் ஓடவிட்டபடியே நடந்து நடுவுக்குப் போனார். பிடியை எடுத்தார். வாலைப் பிடித்திருந்த எனக்குச் சைகையாக இன்னொரு கையைத் தூக்கினார். நான் வாலை விட்டேன்.

விமானம் ஓடியது, எழும்பியது. கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் இடது இறக்கை தாழ்ந்தது. வெளியே இழுத்துக்கொண்டு போக வேண்டியது, உள்ளே அவரைப் பார்த்தே சாய்ந்தது. விறைப்பாக இருந்த கம்பி கொடி மாதிரி தொய்ந்தது. அதை இறுக்க அண்ணா பின்வாங்கி ஓடிப் பார்த்தார். பயனில்லை. மூக்கு தரையில் குத்தி, விசிறி இரண்டாக உடைந்தது.

நான் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு போனேன். அவர் பிடியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றிருந்தார். முகம் வெளுத்திருந்தது.

“கம்பியில இழுப்பு இருக்கிற வரைக்கும் அது எங்க இருக்குது, இன்னா செய்யுதுன்னு எனக்குத் தெரியும்டா. கம்பி செத்துப்போச்சி. திரும்பவும் கண்ணு போன மாதிரி ஆய்ட்டுது” என்றார்.

பிறகு தரையில் உட்கார்ந்து இறக்கையை மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு உள்ளங்கையாலும் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை தடவினார். நானும் கண்ணை வைத்துப் பார்த்தேன். நேராகத்தான் இருந்தது.

“முறுக்கிக்கினு இருக்குது. எப்படி காயவெச்ச?”

“வெயில்லதான்ணா. தோலு மாதிரி நல்லா இழுத்து...”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அட ஆணிக்காரா! தோல இழுத்தா அடி ஜாஸ்தி வரும், முதலாளி சந்தோஷப்படுவாரு. ரெக்கைய இழுத்தா உனுக்கு இன்னாடா ஜாஸ்தி வரும்?”

உண்மைதான். தோலைச் சதுர அடிக் கணக்கில் விற்பார்கள். ஒரு விரற்கடை கூடுதலாக இழுத்துக் கொடுப்பவன்தான் எங்களில் கெட்டிக்காரன். அந்தப் பழக்கத்தில் மெல்லிய மூங்கிலையே நான் முறுக்கிவிட்டிருந்தேன்.

அந்த வாரம் முழுவதும் வேலை முடிந்ததும் அவர் வீட்டுக்குப் போய்விடுவேன். வச்சிரம் ஆவி பட்டால் இளகும். அடுப்பில் கொதித்த பானை மேல் இறக்கையை நான் காட்ட, அவர் முறுக்குக்கு எதிர்ப்பக்கமாக மெல்ல வளைத்து, ஆறும் வரை விடாமல் பிடித்திருந்தார். கை சுட்டிருக்கும், முகத்தில் காட்டவில்லை.

“சோறு ஆக்குற பானையில இன்னாத்த வேவவெக்கிறீங்க ரெண்டு பேரும்?” என்று அண்ணி சத்தம் போட்டார்கள்.

“உன் பொண்ணோட மானத்த” என்றார் அண்ணா. அண்ணி விறகைத் தள்ளி எரியவிட்டார்கள்.

விமானம் வெளிப்பக்கம் இழுத்துக்கொண்டே போக வேண்டும் என்பதற்காக, வலது இறக்கை நுனியில் மீன் வலையின் ஈயக் குண்டு ஒன்றை வைத்தார். வால் துடுப்பை இம்மியளவு வெளியே திருப்பினார். பிறகு தேக்குத் துண்டில் புது விசிறி செதுக்கினார். அதன் நடுத்துளையை ஓர் ஆணியில் மாட்டிச் சுற்றிவிடுவார். எந்தப் பக்கம் கீழே வந்து நிற்கிறதோ அந்தப் பக்கத்தை உப்புத்தாளால் தேய்ப்பார். திரும்பவும் சுற்றுவார். எந்தப் பக்கமும் தாழாமல் விட்ட இடத்தில் நிற்கும் வரை தேய்த்தார். நல்ல தேக்கு அந்த ஒரு துண்டுதான் இருந்தது. இந்த முறையும் மூக்கு குத்தினால், அந்தப் பெண்ணுக்குக் காட்ட எதுவும் மிஞ்சாது.

சொன்ன வெள்ளிக்கிழமை வந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் பெண்கள் கூட்டமாக வந்துவிட்டார்கள். பிள்ளைகள் தாண்டி வராமலிருக்கப் பெரிய வட்டம் போடச் சுண்ணாம்புத் தூளை எடுத்தவன், சட்டென்று அவரை நினைத்துத் தயங்கினேன். வாசனையிலேயே கண்டுபிடித்துவிட்டார். “போடு, போடு. அது என்கூட நல்லாப் பழகின தோஸ்த்துதான்” என்றார்.

காவல்கார பாய் தடியோடு வந்து, கோட்டைத் தாண்டினால் காலை முறிப்பேன் என்று பிள்ளைகளை மிரட்டி நிறுத்தினார். அண்ணா மட்டும் மகளைக் கூப்பிட்டார்.

“பாய், இவ மட்டும் உள்ள வரட்டும். என் எதுர்ல நின்னு பாக்கட்டும்.”

“உன் இஷ்டம். ப்ளேன் விழுந்தா என் தலைமேல விழாம பாத்துக்கோ, அவ்ளோதான்!”

எஞ்சின் பிடித்தது. அண்ணா கம்பி வழியே நடுவுக்குப் போய், மகளைத் தன் வயிற்றோடு ஒட்டி நிறுத்திக்கொண்டார். அவள் கையைப் பிடியில் வைத்து அதன் மேல் தன் கையை மூடினார். கையைத் தூக்கினார். நான் வாலை விட்டேன்.

இடது இறக்கை தாழுமோ என்று அதையே பார்த்தேன். தாழவில்லை. கம்பி வீணைத் தந்தி மாதிரி விறைத்துக்கொண்டு நின்றது. காற்றில் ஒரு ரீங்காரம் கூடக் கேட்டது. இடுப்பு உயரத்தில் ஒரு சுற்று, இன்னொரு சுற்று. அப்புறம் தலைக்கு மேலே ஏறியது. அப்பாவும் மகளும் ஒரே ஆள் போலச் சுழன்றார்கள். ஒவ்வொரு சுற்றிலும் சாயங்கால வெயில் அண்ணா முகத்தில் பட்டு விலகியது. எந்தத் திசையில் திரும்பியிருக்கிறோம் என்பதை அந்தச் சூட்டில்தான் தெரிந்துகொண்டேன் என்று பிறகு சொன்னார்.

காற்று முதுகில் படும் இடத்துக்கு வந்ததும் மணிக்கட்டை ஒரு சாய்ப்பு சாய்த்தார். விமானம் செங்குத்தாக ஏறியது, மல்லாந்தது, சக்கரம் ஆகாயத்தைப் பார்த்தது, மூக்கைக் கவிழ்த்து நேரே தரைக்கு வந்தது. பெண்கள் வீறிட்டார்கள். பாய் கையிலிருந்த தடி விழுந்தது. தரையைத் தொடப்போகிற கணத்தில் அது நிமிர்ந்து, ஒன்றுமே நடக்காதது போலப் பறந்தது. திரும்பவும் ஒரு கரணம். அதற்கு மேலும் ஒன்று. பார்க்க முடியாத அந்த மனிதரின் கையிலிருந்து ஆகாயத்தில் வட்டங்கள் பிறந்துகொண்டே இருந்தன. எனக்குக் கண்ணீர் வந்தது தெரியவில்லை. உதட்டில் கரித்தபோதுதான் தெரிந்தது.

எண்ணெய் தீர்ந்து எஞ்சின் நின்றது. அந்த அமைதியில் விமானம் சறுக்கி வந்து, வண்டி போலத் தரையில் ஓடி நின்றது. பிள்ளைகள் கோட்டைத் தாண்டிப் பாய்ந்தார்கள். பாய் தடுக்கவில்லை, அவரும் ஓடினார்.

ஒரு பெண் மூச்சு வாங்க, “தலைகீழா போச்சே, பாத்தியாடி?” என்று கேட்டாள்.

தலைசுற்றி அப்பாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டிருந்த மகள், “நான் பாக்கலியே. கண்ண மூடிக்கினு இருந்தேன்” என்றாள்.

அண்ணா திடுக்கிட்டுவிட்டார். “அடிப்பாவி! நீ பாக்கணும்னுதானேடி நான் இவ்ளோ பாடுபட்டேன்! பயந்துட்டியா?”

“பயமெல்லாம் இல்ல நைனா. நீ கண்ணு இல்லாமதான ஓட்டுற. அதான் நானும் மூடிக்கினேன். மேல போனா கை இழுக்குது, கீழ வந்தா வயித்துல ஜிவ்வுங்குது. எல்லாம் தெரிஞ்சுதே!”

அண்ணா அவள் உச்சந்தலையில் கையை வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றார்.

அன்று அந்த மைதானத்தில் கண்ணை அகலத் திறந்துகொண்டு எல்லாவற்றையும் பார்த்தவன் நான். ஆனாலும் அந்த விமானம் எப்படிப் பறந்தது என்று என் பிள்ளைகள் கேட்கும்போதெல்லாம், அது நடுவில் நின்ற அந்த இரண்டு பேருக்குத்தான் முழுவதும் தெரியும், நான் ஓரத்தை மட்டும்தான் பார்த்தேன் என்று இன்றைக்கும் தோன்றுகிறது.