மோர் குடித்த சுல்தான்

எனக்குப் பாட்டு வரும், படிப்பு வராது என்று எங்கள் வீட்டில் முடிவு கட்டி ரொம்ப நாளாகிவிட்டது. நானும் மறுத்ததில்லை. ஆர்.எஸ்.மங்கலம் பக்கம், கண்மாய்த் தண்ணீரை நம்பி நெல் போடும் ஊர் எங்களுடையது. ஆனி மாதம் முளைக்கொட்டுத் திருவிழா வந்தால் கும்மிக்கு முன்பாட்டுப் பாடுகிறவள் நான்தான். நான் ஓர் அடி பாடினால் சுற்றி நிற்கும் பெண்கள் அதைத் திருப்பிப் பாடிக் கை கொட்டுவார்கள். எத்தனை பாட்டு கேட்டாலும் ஓர் அடி பிசகாது. அதே நான் வரலாற்றுப் புத்தகத்தைத் திறந்தால் முதல் பக்கத்திலேயே கொட்டாவி விடுவேன்.

ஊர் அங்கன்வாடியில் எனக்கு உதவியாளர் வேலை. சோறு வடிப்பது, முட்டை அவிப்பது, மூக்கைத் துடைத்துவிடுவது. அடுப்படியில் நின்றுகொண்டு நான் பாட, பிள்ளைகள் முன்னறையை விட்டு என்னிடம் ஓடி வந்துவிடும். முன்னறையில் இருந்து பாட்டுச் சொல்லிக்கொடுக்கிற பணியாளர் அக்கா ஓய்வு பெறப் போகிறார் என்று தெரிந்த அன்றைக்கு எனக்கு ஆசை வந்துவிட்டது. அந்த இடத்தில் நான் உட்கார வேண்டும். அதற்குப் பன்னிரண்டு முடித்திருக்க வேண்டும். தனித்தேர்வராகப் பணம் கட்டி எழுதினேன். பிளஸ் டூ பாடங்கள் கூட எப்படியோ கரையேறிவிட்டன. பிளஸ் ஒன் வரலாறு மட்டும் நின்றுகொண்டது. அதையும் துணைத்தேர்வில் முடித்தால்தான் அந்த வருஷம் விண்ணப்பம் போட முடியும். விட்டால் வெளியூரிலிருந்து யாராவது வந்து உட்கார்ந்துவிடுவார்கள். நான் அடுப்படியிலேயே காலத்தை ஓட்ட வேண்டியதுதான்.

படித்தேன். படிக்காமல் இல்லை. எந்த ராஜா எந்த ராஜாவுக்கு மகன், எந்தப் போரில் யார் ஜெயித்தார், எல்லாம் ராத்திரி கரைத்து வைத்த மாவு மாதிரி காலையில் ஒன்றோடொன்று கலந்து கிடந்தது. வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டே கேலி பேசுவார்.

“ரோட்டோரமா மரம் நட்ட ராசாவ விட்டுட்டு நீ இன்னும் வெளிய வரலயா? அவரு நட்ட மரம் இந்நேரம் காய்ச்சிருக்கும்.”

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னது சரிதான். ஒரு மாதமாக அந்த ராஜாவிடம்தான் நின்றிருந்தேன்.

வழி எப்படிப் பிறந்தது என்றால், பாத்திரம் விளக்கும்போது பிறந்தது. கையில் கரண்டி, வாயில் கும்மி மெட்டு. பாட்டின் வரிகளுக்குப் பதிலாகப் புத்தகத்தின் வரி வந்து விழுந்தது. விழுந்தது ஒட்டிக்கொண்டது. மறுநாளும் மறக்கவில்லை. அன்றிலிருந்து பாடம் பாடமாகக் கும்மி கட்டினேன். சோழருக்கு ஒன்று, விஜயநகரத்துக்கு ஒன்று, கம்பெனிக்காரன் கப்பலில் வந்து இறங்கியதற்கு ஒன்று. எனக்கே ஆச்சரியமாக இருந்தது. இத்தனை நாள் கதவு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் சுவரைத் தள்ளிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

அதற்குள் ஊரில் முளை போட்டாகிவிட்டது. நவதானியத்தை ஓடுகளில் விதைத்து, முளை வீடு என்று ஒரு வீட்டு இருட்டறையில் வைத்து வளர்ப்போம். தண்ணீர் ஊற்றுகிறவரைத் தவிர வேறு யாரும் அந்த அறைக்குள் போகக் கூடாது. சாயங்காலம் அந்த வீட்டு வாசலில்தான் கும்மி. கடைசி நாளில் முளையைத் தலையில் தூக்கிப் போய்க் கண்மாயில் கரைப்போம். முளை போட்டவர்கள் கையில் காப்புக் கட்டியிருக்கும். காப்பு அவிழ்க்கிற வரைக்கும் சாவு, இழவு என்ற பேச்சே வாயில் வரக் கூடாது. வந்தால் முளை வாடிவிடும். ஒருத்திக்கு முளை வாடினால் அந்த வருஷம் அவள் வீட்டுக்கு ஆகாது.

நானும் முளை போட்டிருந்தேன்; தேர்வு சரியாகக் காப்பு நாட்களுக்குள் வந்து விழுந்தது. படிக்கத் தனியாக நேரம் ஏது? எனக்கு ஒரு யோசனை தோன்றியது. முன்பாட்டு என் கையில்தானே இருக்கிறது, பாடத்தையே பாடிவிட்டால் என்ன? அம்மன் பாட்டை முதலில் முறையாகப் பாடி முடித்துவிட்டு, சோழரை இறக்கினேன். பெண்கள் ஒரு சுற்று தடுமாறினார்கள். அப்புறம் கை கூடிவிட்டது. புதுப் பாட்டு என்றால் யாருக்குத்தான் பிடிக்காது? மறுநாள் அவர்களே கேட்டார்கள், “நேத்து கப்பல்ல வந்தானே, அவன் என்ன ஆனான்?”

மைசூர் சுல்தான் வரைக்கும் ஒரு வில்லங்கமும் இல்லை. அவருடைய நான்காவது போரை நான் இப்படிக் கட்டியிருந்தேன்:

நாலாஞ் சண்டையில் நாலு பக்கம் – வெள்ளக்காரன்
நட்டு வச்சானாம் பீரங்கி
கோட்ட வாசலில் வாளோட – சுல்தான்
செத்து விழுந்தாரே மண்ணோட

மூன்றாவது அடி வரைக்கும் கை கொட்டினார்கள். நாலாவது அடிக்கு ஒரு கைகூட எழவில்லை. என் மூத்த ஓரகத்தி, வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி, வட்டத்தை விட்டு என் முன்னால் வந்து நின்றாள்.

“ஏத்தா, ஒனக்கு என்ன கிறுக்கா? கதவுக்கு அங்கிட்டு முளை இருக்கு. கையில காப்பக் கட்டிக்கிட்டு என்ன வார்த்தை சொல்ற?”

“புஸ்தகத்துல அப்படித்தானக்கா இருக்கு.”

“புஸ்தகம் முளை போட்டிருக்கா? அந்த மனுசன எறக்கி வீட்டுக்குக் கூட்டியா.”

எப்படிக் கூட்டிவருவது? நான் யோசிப்பதற்குள் அவளே பாடிவிட்டாள்:

கோட்டைய விட்டு எறங்கி வந்து – சுல்தான்
குளுந்த மோரு குடிச்சாரே

எல்லோருக்கும் அதுதான் பிடித்தது. மோர் குடித்தாரே, மோர் குடித்தாரே என்று நிறுத்தாமல் சுற்றினார்கள். எட்டாவது படிக்கிற என் மகள் வரிசையின் கடைசியில் நின்று எல்லோரையும் விடச் சத்தமாகப் பாடினாள். அதன் பிறகு எந்தப் போர் வந்தாலும் முடிவு அதுதான். ஜான்சி ராணி குதிரையை விட்டு இறங்கிக் குளிக்கப் போனாள். பாளையக்காரர்கள் எல்லாரும் அவரவர் ஊருக்கு மாட்டுவண்டி ஏறினார்கள். எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. ஏனென்றால் என் மூளை மெட்டோடு வந்ததை மட்டும்தான் வைத்துக்கொள்ளும். நான் கட்டிய பழைய அடி அழிந்துபோய், மோர்தான் நின்றுவிட்டது.

தேர்வு மையம் ராமநாதபுரத்தில். காப்புக் கட்டியவர்கள் வெளியூர் போனாலும் பொழுது சாயத் திரும்பிவிட வேண்டும் என்பதால் முதல் பேருந்தைப் பிடித்தேன். தேவிபட்டினத்தில் கடலுக்குள் இருக்கும் நவபாஷாணத்தில் முழுகிவிட்டு வந்தவர்கள் ஈரத்துணியோடு கூட்டமாக ஏறினார்கள். அவர்களோடு பர்தா போட்ட ஒரு பெண்ணும் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கையில் நான் வைத்திருந்த அதே கைடு. பள்ளிக்கூடத்தை விட்டு அப்போதுதான் வந்த வயது. அவளுக்கும் வரலாறுதான் நின்றிருந்தது.

“அக்கா, நாலாவது மைசூர்ப் போரு வரும்ங்கிறாக. எங்க சொல்லுங்க பாப்போம்.”

முழங்காலில் மெதுவாகத் தட்டிக்கொண்டு பாடிக் காட்டினேன். மோர் வந்ததும் அவள் பர்தாவைக் கவ்விக்கொண்டு சிரித்தாள்.

“மோரா? அக்கா, அவரு அங்கனயே மவுத்தாயிட்டாரு.”

“சத்தமாச் சொல்லாதம்மா. காப்புக் கட்டியிருக்கேன், ஊருல முளை இருக்கு.” விஷயத்தைச் சொன்னேன்.

அவள் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள். அப்புறம், “எனக்குத்தான் காப்பு இல்லையே. ஒங்களுக்காக நான் சொல்லிக்கிறேன்” என்றாள். ராமநாதபுரம் வரும் வரைக்கும் யார் யார் எந்தப் போரில் போனார்கள் என்று எனக்காக அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். நான் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு வந்தேன்.

வினாத்தாளில் சுல்தான் இருந்தார். கை தானாகத் தாளத்தில் எழுதியது. நாலு பக்கமும் பீரங்கி வைத்தாயிற்று. அடுத்து, “சுல்தான் கோட்டையை விட்டு இறங்கி வந்து” என்று எழுதிவிட்டேன். அடுத்த சொல்லுக்குப் பேனா போகும்போதுதான் பேருந்துப் பெண்ணின் குரல் காதில் விழுந்தது. அந்த வரியை அடித்தேன். அடித்துவிட்டுச் சரியானதை எழுத முடியாமல் உட்கார்ந்திருந்தேன். மணிக்கட்டில் மஞ்சள் காப்பு. ஊரில் இருட்டறையில் என் முளை. எழுதாவிட்டால் அடுப்படி. எனக்குச் சாமி நம்பிக்கை உண்டு. அதைப் பற்றி வெட்கமும் இல்லை. மேற்பார்வைக்கு வந்த ஆசிரியை பக்கத்தில் வந்து, “என்னம்மா, கையத் தட்டிக்கிட்டே இருக்கீங்க?” என்றார். அப்போதுதான் தட்டிக்கொண்டிருந்தது எனக்கே தெரிந்தது.

வாயில் வரக் கூடாது என்றுதானே கட்டுப்பாடு, கையால் எழுதக் கூடாது என்று யாரும் சொன்னதில்லையே என்று மனதுக்குள் ஒரு வக்கீலை வைத்து வாதாடினேன். தாயே, இது பாட்டில்லை, பரீட்சை, பொறுத்துக்கொள் என்று வேண்டிக்கொண்டேன். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, “கோட்டையைக் காத்துப் போரிட்டு மாண்டார்” என்று எழுதினேன். அதற்குப் பிறகு ராணியையும் பாளையக்காரர்களையும் அதே மாதிரி வாயை மூடிக்கொண்டு முடித்தேன்.

கடைசியில் ஒரு கேள்வி. வரலாற்றை எழுத வாய்மொழி மரபுகளும் நாட்டுப்புறப் பாடல்களும் எந்த அளவுக்குச் சான்றாகும் என்று விளக்கச் சொன்னது. கைடில் அதற்கு நாலு வரி இருந்தது. அந்த நாலும் எனக்கு நினைவில்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு விடை தெரிந்த ஆள் அந்த அறையில் என்னைவிட யார் இருந்திருக்க முடியும்? பாட்டில் முடிவு மாறியிருந்தால் பாடியவர்களுக்கு விவரம் தெரியாது என்று நினைக்கக் கூடாது, எந்த நாளில், எதன் முன்னால் நின்று பாடினார்கள் என்று முதலில் கேட்க வேண்டும் என்று ஆரம்பித்தேன். தாள் வாங்கி வாங்கி எழுதினேன். மணி அடித்தபோது இன்னும் பாதி மிச்சம் இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாகத் தேர்வில் நேரம் போதவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஓரகத்தி கேட்டாள், “சுல்தான என்ன செஞ்ச?”

குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போய்விட்டேன்.

முளை வெளியே வருகிற நாள் வரைக்கும் எனக்குச் சோறு இறங்கவில்லை. கதவு திறந்தபோது கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். என்னுடையது நெருக்கமாக, வெளிர் மஞ்சளாக, ஒரு சாண் வளர்ந்திருந்தது. பார்த்ததும் அழுதுவிட்டேன். ஓரகத்தியின் முளைதான் கொஞ்சம் கட்டை. எனக்கு அதில் சின்னச் சந்தோஷம், அதை மறைப்பானேன்.

கரைத்து முடித்து, காப்பை அவிழ்த்துக் கண்மாயில் போட்டுவிட்டுக் கரையில் உட்கார்ந்திருந்தோம். ஓரகத்தி சேலையைப் பிழிந்துகொண்டே என் பக்கத்தில் வந்தாள்.

“இப்பச் சொல்லு. அந்த மனுசனுக்கு நெசமா என்ன ஆச்சு?”

சொன்னேன். கோட்டை, வாசல், எல்லாம் சொன்னேன். அவள் தண்ணீரைப் பார்த்தபடி, “பாவம்” என்றாள். முந்தானையை உதறிக்கொண்டே, “எனக்கு அன்னைக்கே தெரியும்த்தா. முளைக்குத் தெரிய வேணாமேன்னுதான்” என்றாள்.

தேர்வு முடிவை வீட்டுக்காரர்தான் போனில் பார்த்தார். பார்த்துவிட்டுப் போனை என் கையில் கொடுத்தார். தேர்ச்சி. அதைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டே இருந்தேன். அவர் போய் எனக்கு டீ போட்டு வந்தார். அது வரைக்கும் அவர் டீ போட்டு நான் பார்த்ததில்லை. விண்ணப்பம் போட்டேன். காத்திருக்க வைத்தார்கள், ஆனால் கிடைத்தது. இப்போது முன்னறையில்தான் இருக்கிறேன். பிள்ளைகள் அடுப்படிக்கு ஓடுவதற்குப் பதிலாக நேரே என் மடியில் வந்து விழுகிறார்கள். நிறைவாக இருக்கிறது.

போன வாரம் என் மகள் சமூக அறிவியல் புத்தகத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். மறுநாள் அவளுக்குப் பரீட்சை. முகத்தில் அப்படி ஒரு கோபம்.

“அம்மா, இதுல தப்பாப் போட்டிருக்காக. சுல்தான் சண்டையில செத்துப் போனாருன்னு போட்டிருக்கு.”

அவள் விரல் வைத்திருந்த வரியைப் பார்த்தேன். அந்த ஒரு வரியை எழுத நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

“தப்பில்ல. பரீட்சையில அதத்தான் எழுதணும்.”

“அப்ப நம்ம பாட்டு?”

“பாட்டுல அவரு மோருதான் குடிச்சாரு.”

அவள் புத்தகத்தை மடியில் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். எந்த ஆண்டு, எந்தக் கோட்டை என்று முணுமுணுத்தபடி, இரண்டு கையாலும் மெதுவாகத் தட்ட ஆரம்பித்தாள்.