கனகமணி அக்காவின் செருப்பு

கனகமணி அக்கா தவறிவிட்டார் என்று போன் வந்தது. பஸ் பிடித்துச் சூலூர் போய்ச் சேரும்வரை நான் அழவில்லை. ஐஸ் பெட்டிக்குள் அவரைப் பார்த்ததும் எனக்கு மூச்சு முட்டியது. எங்கள் ஆய்வகத்தில் இருந்தவர்களுக்குக் காரணம் தெரியும்.

தொண்ணூறுகளின் பிற்பாதியில் கோவையில் நாங்கள் ரத்தம் உண்டாக்கும் செல்களை ஆராய்ந்துகொண்டிருந்தோம். அந்தச் செல்லுக்குள் ஜி புரதம் ஒரு சுவிட்ச் மாதிரி. வெளியிலிருந்து சேதி வந்தால் ஆன் ஆகும்; ஒழுங்குபடுத்தும் புரதம் ஒன்று வந்து பிடித்து அதைச் சீக்கிரம் அணைக்கும். எங்கள் செல்களிலும் அது ஜி புரதத்தைப் பிடிக்கிறதா என்பதுதான் அக்காவின் கேள்வி. வருஷக்கணக்காகச் சோதித்தும் ஜி புரதத்தோடு எதுவும் ஒட்டவில்லை. "போட்ட சுவிட்ச அணைக்க ஆளில்லாட்டி ஊடு என்னத்துக்காகுமுங்க?" என்பார்.

வேலை முழுக்கக் குளிர் அறையில். கதவின் உள்பக்கக் கைப்பிடி உடைந்து கிடந்தது; வெளியே தாழிட்டால் உள்ளிருந்து திறக்க முடியாது. அலுவலகத்தில் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். அதனால் உள்ளே போகிறவர்கள் செருப்பைக் கதவுக்கு வெளியே விட்டுப் போவோம். செருப்பு கிடந்தால் ஆள் உள்ளே என்று அர்த்தம், தாழ் போடக் கூடாது.

ஒருநாள் மேலதிகாரிகள் வருகிறார்கள் என்று புதுக் காவலர் செருப்புகளையெல்லாம் எடுத்து ஸ்டாண்டில் அழகாக அடுக்கிவிட்டு, கதவையும் தாழிட்டுவிட்டார், மகராசன்! உள்ளே நானும் அக்காவும். தட்டினேன், அலறினேன். மோட்டார் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்?

அக்கா கையில் புரதம் இருந்த சோதனைக் குழாய்; ஒட்டாததையெல்லாம் கழுவி நீக்கிக்கொண்டிருந்தார். "கொஞ்சம் பொறுங்க அம்மணி. இதக் கடைசியாக் கழுவிப்போட்டுத் தட்ட வாரேன். பாதியில உட்டா எல்லாம் போயிரும்."

"நாம செத்துட்டா உங்க புரதத்த யாருங்க பாக்கறது?" என்று கத்தினேன். அக்கா தன் ஸ்வெட்டரைக் கழற்றி என்மேல் போட்டுவிட்டுக் கழுவி முடித்தார். அப்புறம் என்னோடு நின்று கதவை உதைத்தார். யாரும் வரவில்லை. சட்டென்று தரையில் உட்கார்ந்து அழுதார். "எனக்கு அடைஞ்ச எடம் ஆகாதுங்க அம்மணி. சின்ன வயசுலிருந்தே பயம்."

அத்தனை பயத்தோடுதான் தினமும் அந்த அறைக்குள் போய்க்கொண்டிருந்தாரா!

ஸ்டாண்டில் எங்கள் செருப்பைப் பார்த்து, ஆள் எங்கே என்று தேடி வந்த ஒரு மாணவிதான் கதவைத் திறந்தாள். மறுநாள் அந்தக் குழாயின் சோதனைப் படத்தில் கோடு விழுந்தது; ஒழுங்குபடுத்தும் புரதம் ஜி புரதத்தைப் பிடித்து நின்றிருந்தது. நாங்கள் குதித்தோம். "மொதல்ல அந்தக் கைப்பிடியப் போடச் சொல்லுங்க" என்றார் அக்கா.

அந்த ஸ்வெட்டரைத் திருப்பிக் கொடுக்கப் போனபோதெல்லாம், "உங்களுக்குத்தான் குளுருமுங்க" என்று வாங்க மறுத்துவிட்டார். இன்றும் அது என்னிடம்தான் இருக்கிறது.

சூலூர் வீட்டு வாசலில் துக்கத்துக்கு வந்தவர்களின் செருப்புக்கு நடுவே அக்காவுடையதும் கிடந்தது. "இனி எதுக்குங்க?" என்று உறவினர் ஒருவர் அதை எடுத்தார்.

"வெச்சிருங்க. அக்கா இன்னும் உள்ளதான் இருக்காங்க" என்றேன்.