பிள்ளையார் சர்தார்ஜி வீட்டுக்குக் குடிபோன கோடை

புதுச் சிமெண்டின் மேல் தண்ணீர் விழும்போது ஒரு வாசனை எழும். மழை வாசனை போல ஏமாற்றும். ஆனால் மண் அதில் இருக்காது. எங்கே அதை முகர்ந்தாலும் என் மனசு டெல்லிக்கு ஓடிவிடுகிறது, எண்பதுகளின் தொடக்கத்துக்கு, கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸ் முனையில் நின்ற ஒரு வேம்புக்கு.

ஊரே சிமெண்டைப் போர்த்திக்கொண்டிருந்த காலம் அது. சாலைகள் அகன்றன, நடைபாதைகள் மின்னின, யமுனை மெலிந்தது. கோடையின் லூ காற்று, அடுப்புக்குள் தலையை விட்டதுபோல் பகலெல்லாம் அடிக்கும். எங்கள் சந்துக்கு இருந்தது ஒரே நிழல்: அந்த வேம்பு. அதன் ஒரு பக்கம் பிள்ளையார். இன்னொரு பக்கம் சின்ன மசூதியின் வாசல். வெள்ளிக்கிழமைக் கூட்டம் வழிந்தால் அங்கேதான் பாய் விரிப்பார்கள். மூன்றாவது பக்கம் சீக்கியர்களின் தண்ணீர்ப் பந்தல். போகிறவர் வருகிறவரை மறித்து, ரோஸ் சர்பத் கலந்த குளிர்ந்த பால்தண்ணீரைக் கையில் திணிப்பார்கள். வேண்டாம் என்று சொல்லித் தப்பியவர் யாருமில்லை.

பக்திதான் வினை. என் கல்யாணம் தட்டித் தட்டிப் போனபோது, வெறும் மண்ணில் உட்கார்ந்திருந்த பிள்ளையாருக்கு மேடை கட்டுவதாக அப்பா வேண்டிக்கொண்டார். கட்டினார். அதைப் பார்த்து மசூதிக்காரர்கள் தொழுகிற இடத்துக்குத் தளம் போட்டார்கள். பந்தல்காரர்கள் சும்மா இருப்பார்களா? சேறாகாமல் இருக்க அவர்களும் ஒரு தளம். மூன்றும் அடிமரத்தில் வந்து முட்டிக்கொண்டன. சிமெண்ட் இறுகட்டும் என்று வரப்புக் கட்டித் தண்ணீர் தேக்கினோம். வேருக்கு நேர் மேலே தண்ணீர் தளும்பி நின்றது. வேருக்குப் போகவில்லை.

அடுத்த வருடம் எனக்கு வரன் அமைந்தது, ஆவணியில் முகூர்த்தம். அந்தக் கோடையில்தான் வேம்பு இலைகளைப் பழுக்கவிடாமலே உதிர்த்தது. கிளைநுனிகள் விறகாகிக்கொண்டு வந்தன. பட்ட மரம் என்று முடிவானால் வெட்ட ஆள் வந்துவிடும்.

அம்மாதான் முதலில் சொன்னாள். நாங்கள் திருநெல்வேலிக்காரர்கள்; டெல்லியில் எத்தனை வருஷமானாலும் அவள் பேச்சு மாறவில்லை.

"மரம் செத்துக்கிட்டு இருக்கு, பாத்தியளா? சுத்தி வாயப் பொத்துனா அது எப்பிடி மூச்சு விடும்?"

"அதுக்கு? மேடைய இடிக்கச் சொல்லுதியா?" அப்பா பதறினார். "வேண்டிக் கட்டுனதாக்கும். ஆவணியில இவ கல்யாணத்த வச்சுக்கிட்டு அதுல கை வச்சு, ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா?"

அவர் கோபப்படவில்லை, பயந்தார். அந்தப் பயம் எனக்கும் தொற்றியது. என் வாழ்க்கை அந்தச் சிமெண்டில்தான் நிற்கிறது என்று நானும் கொஞ்சம் நம்பினேன்.

மசூதியிலும் பந்தலிலும் இதே தவிப்புத்தான். மரம் எல்லாருக்கும் வேண்டும். தன் தளத்தைத் தானே இடிக்கக் கை வராது. அடுத்தவர் தளத்தை இடி என்று சொல்ல நாக்கு வராது. ஒரு சொல்லில் ஊர் பற்றிக்கொள்ளும் என்று எல்லாருக்கும் தெரியும்.

அம்மா மறுபடி ஆரம்பித்தாள். "இடிக்கதுன்னு ஏன் நெனைக்கிய? திருப்பணின்னு நெனைங்க. கோயில்ல வேலை நடந்தா பாலாலயம் பண்ணி, சாமிய வேற எடத்துல வைக்கது இல்லையா? முடிஞ்சதும் கொண்டாந்து பழையபடி மண்ணுல வச்சாப் போச்சு."

மறுநாள் காலை, ஷூவுக்கு நாடா கட்டிக்கொண்டே அப்பா கேட்டார்: "வேற எடம்னா எங்கயாம்?"

எதிர்வீட்டு சர்தார்ஜிதான் பந்தலை நடத்துகிறவர். விஷயம் காதில் விழுந்ததும் இந்தியில் முழங்கினார்: "பாபுஜி, என் வராண்டா சும்மா கிடக்கு. ஃபேன்கூட இருக்கு. கணேஷ்ஜிகிட்ட வாடகை கேக்க மாட்டேன்."

"இல்ல, நீங்க கோழி சமைக்கிற வீடாச்சே..." அப்பா இழுத்தார்.

"அச்சா! அவர் லட்டு சாப்பிடட்டும், நான் கோழி சாப்பிடுறேன். எங்களுக்குள்ள என்ன தகராறு?"

ஞாயிற்றுக்கிழமை கற்பூரம் காட்டி, அப்பாவும் சர்தார்ஜியும் பிள்ளையாரைத் தூக்கினார்கள். தலையில் துப்பட்டா போட்டுக்கொண்டு வாசலில் நின்ற சர்தார்ஜியின் மனைவி அம்மாவிடம் கேட்டாள்: "இவருக்கு வெண்ணெய் பிடிக்குமா?"

அப்பா திரும்பி வந்து கடப்பாரையை எடுத்தார். என்னைப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு முதல் அடி அடித்தார்.

அது ரமலான் மாதம். மசூதியின் வயதான மௌல்வி, உதடு வெடித்த நோன்போடு, வேட்டியை மடித்துக் கட்டியிருந்த அப்பாவைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையை நீட்டி ஒரு சம்மட்டியை வாங்கிக்கொண்டார். அந்தப் பக்கம் பந்தல்காரர்கள் தொடங்கினார்கள். மூன்று பக்கமும் இரும்பு. வெயிலே உடைகிறது போல ஓசை.

சாயங்காலம் கடைசிப் பாளத்தைப் புரட்டியபோது எல்லாச் சத்தமும் நின்றது.

அடியில் வேர்கள். நூல் நூலாக, வெளுத்து, சிமெண்டின் அடிப்பாகத்தில் உள்ளங்கை ரேகைபோல் அப்பிக்கிடந்தன. மேலே நின்ற தண்ணீரைத் தேடி ஏறி வந்து, முட்டி, வழியில்லாமல் படர்ந்தவை. பிள்ளையாருக்குக் கீழே புறப்பட்ட வேர் மசூதி வாசலைக் கடந்து பந்தல்வரை போயிருந்தது. சர்தார்ஜி செருப்பைக் கழற்றினார். பிறகு ஒவ்வொருவராக. நான் ஆயிரம் கோயில்களுக்குப் போயிருக்கிறேன். அப்படி ஒரு சன்னிதியில் அதற்குப் பிறகு நின்றதில்லை.

பாங்கு ஒலித்தது. நோன்பாளிகள் பேரீச்சம்பழம் கடித்து, பந்தல் தண்ணீர் குடித்தார்கள். மிச்சமிருந்த ரோஸ் தண்ணீரை சர்தார்ஜி அன்போடு வேரில் சாய்க்கப் போக, அம்மா பாய்ந்து தடுத்தாள்: "சர்தார்ஜி, எறும்பு! எறும்பு வந்துரும்!" எல்லாரும் சிரித்தார்கள். அப்புறம் வாளி வாளியாக வெறும் தண்ணீர். மண் அதை உறிஞ்சிய சத்தம் எனக்குக் கேட்டது.

மரம் பிழைக்குமா என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. இருட்டத் தொடங்கியது. கூட்டம் கலைந்தும் அப்பா மட்டும் உடைந்த மேடையருகே நின்றார். மௌல்வி அருகே வந்தார்.

"என்ன யோசனை, பாபுஜி?"

"பொண்ணு கல்யாணத்துக்காகக் கட்டினது, மௌல்வி சாப்," என்றார் அப்பா தன் அரைகுறை இந்தியில். "நானே உடைச்சிட்டேன்."

மௌல்வி அப்பாவின் தூசி படிந்த கையைத் தன் தூசிக் கைக்குள் வைத்துக்கொண்டார்.

"காலையில மரத்துக்குத் தண்ணி ஊத்துறது எங்க முறை. நீங்க போய்க் கல்யாண வேலையைப் பாருங்க."